நாலும் எரிந்தால் நேரே

பெண் பார்க்கப் போவதற்கு முந்தின வாரம் என் பைக் இண்டிகேட்டருக்கு எல்.இ.டி. பல்பு மாட்டினேன். அந்தப் பெண்ணை ரேணிகுண்டா பஸ் ஸ்டாண்டில் பலமுறை பார்த்திருந்தேன். ரொம்பவே பிடித்துப் போயிருந்தது. அவளுக்குப் பெங்களூரிலிருந்தும் ஒரு வரன். கம்ப்யூட்டர் வேலை, சொந்தக் கார். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் வெள்ளிக்கிழமை. காரோடு மோத என்னிடம் இருந்தது இந்தப் பைக் ஒன்றுதான். அதுவாவது பளிச்சென்று இருக்கட்டும் என்று நினைத்தேன்.

நான் ஒரு கம்பெனியில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ். அந்தத் திமிரில் பல்பு விற்ற கடைக்காரர் சொன்ன எதையும் காதில் வாங்கவில்லை. மாட்டிப் பார்த்தால் பல்பு எரிந்தது, ஆனால் மினுக்கவில்லை. இவ்வளவு குறைந்த கரண்டு, விளக்கை விட்டுவிட்டு எரியவைக்கும் பழைய பிளாஷருக்குப் போதாது என்று புரிந்து, எலக்ட்ரானிக் பிளாஷர் வாங்கிப் போட்டேன். இடப்பக்கம் குந்தி உட்கார்ந்து சுவிட்சைத் தட்டினேன். பளிச், பளிச். எழுந்துபோய் அந்தப் பக்கத்தையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்று இந்த நிபுணனுக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் பெண்ணைப் பார்த்துவிட வேண்டும். நைனாவும் அம்மாவும் பூ, பழத்தட்டோடு வாடகை வேனில் வந்தார்கள். நான் முன்னால் பைக்கில். "என் இண்டிகேட்டரைப் பார்த்து வாப்பா" என்று டிரைவரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். பாகாலாவைத் தாண்டிக் கூட்ரோட்டில் இடப்பக்கம் போனால் அவள் ஊர், நேரே போனால் சித்தூர். இண்டிகேட்டரைப் போட்டு இடப்பக்கம் திரும்பினேன். கண்ணாடியில் பின்னால் பார்த்திருக்கலாம். கண்ணாடியில் நான் என் தலைமுடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெண் வீட்டு வாசலில் இறங்கித் திரும்பினால் வேனைக் காணோம். நைனாவின் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. டிரைவரின் நம்பரை நான் வாங்கியிருக்கவில்லை. பெரியவர்கள் இல்லாமல் மாப்பிள்ளை மட்டும் தனியாக வந்து நின்றால் யார் உள்ளே கூப்பிடுவார்கள்? வாசலிலேயே நாற்காலி போட்டார்கள்.

வேன் வருகிறதா என்று பார்க்கத் தெருவுக்குப் போன பெண்ணின் அப்பா, இண்டிகேட்டரை அணைக்காமல் விட்டிருந்த என் பைக்கைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏம்பா, ரெண்டு பக்கமும் எரிஞ்சிக்கினு கீது?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். நாலு விளக்கும் ஒன்றாக எரிந்தால் 'நேரே போகிறேன்' என்று அர்த்தம் என்பது எங்கள் பக்கத்து டிரைவர்களின் சட்டம். வேன் இந்நேரம் சித்தூரை நெருங்கியிருக்கும்.

சும்மா உட்கார முடியாமல், இஸ்திரி போட்ட சட்டையோடு பைக்கைப் பிரித்தேன். ஸ்பீடோமீட்டரில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு குட்டி பல்பு. இடப்பக்கக் கரண்டு அதன் வழியாக வலப்பக்கம் கசிகிறது. பழைய பல்புக்கு அந்தக் கசிவு போதாது, எல்.இ.டி.க்கு அதுவே விருந்து. குட்டி பல்பைப் பிடுங்கினேன். இடப்பக்கம் மட்டும் மினுக்கியது. நிமிர்ந்தால் ஜன்னலில் அவள். என் கையெல்லாம் கறுப்பு. பெங்களூர்க்காரன் ஜெயித்துவிட்டான் என்றே நினைத்தேன், அழுகை வந்தது.

வேன் வந்தபோது ராகு காலம் பாதி ஓடியிருந்தது. "நாலும் எரிஞ்சா ஸ்ட்ரெயிட் தானேண்ணா? யாரைன்னா கேளு" என்று டிரைவர் சண்டைக்கு வந்தான். பன்னிரண்டு மணிவரை எல்லோரும் வாசலில் காத்திருந்தோம். அதன் பிறகும் பெண்ணின் அப்பா எங்களை உள்ளே அழைக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நைனாவிடம் சொன்னார்:

"தப்பா நெனைக்காதீங்க. வர்றப்பவே வழி தப்பிப் போச்சி. சகுனம் சரியில்ல. பெங்களூர்லேந்து வர்றவங்களையும் பாத்துட்டு சொல்றேன்."

நைனா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா தட்டைக் கீழே வைக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் நின்றாள். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து, தன் அப்பாவைக் கூப்பிட்டு, அவள் குரல் வந்தது:

"வேன் தானே நைனா வழி தப்பிச்சி? இவரு சரியாத்தானே வந்துட்டாரு."