புல்லுக்குப் பின்னால் இருந்தது

ஈரக் கம்பளியும் பச்சை இறைச்சியும் கலந்த வாடை, மாசியில், மான் வேட்டைக்கு அனுமதியுள்ள இந்த வெளிநாட்டில், மகள் வீட்டுக் கராஜைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும். மருமகன் தமிழ்நாட்டுப் பிள்ளை. கணினி வேலை, வார இறுதியில் நண்பர்களோடு மான் வேட்டை. காட்டில் பிடித்த படங்களைக் கைபேசியில் காட்டுவார், நான் வயதைச் சொல்வேன். பிறகு சுட்டு வந்ததன் கீழ்த்தாடைப் பல் தேய்மானத்தைப் பார்த்தால் என் கணக்கு அநேகமாகப் பிழைக்காது. "மாமா, உங்க கண்ணு ஸ்கேனரேதான்" என்பார்.

அந்தக் கண் சிறுவயதில் வன்னியில், வற்றிக்கொண்டிருந்த ஒரு குளத்தங்கரையில் பழகியது. அப்பாவிடம் அனுமதி பெற்ற "துவக்கு" இருந்தது. ஆனால் அந்தக் கோடையில் அவர் கண்களில் புரை படர்ந்து, மானின் உருவம் தெரியுமே தவிர அது இளசா "கிழடா" என்பது தெரியாமல் போனதால், நான் சொல்வேன், அவர் சுடுவார். கொம்பைக் கொண்டு வயது சொல்பவர்களை நான் அப்போதே மதிப்பதில்லை. நல்ல மேய்ச்சல் கிடைத்தால் இளங்கிடாய்க்கும் கொம்பு நீளும். இளசுக்கு முகம் குட்டை, கால் நெடிது. முதிர்ந்ததற்கு முகம் நீண்டு, முதுகு நடுவில் தாழ்ந்து, நடையில் அவசரம் இராது. பாலூட்டும் தாயைச் சுடுவதில்லை என்பது அப்பாவின் சட்டம். "முழு மானையும் பாத்திட்டுச் சொல்லு" என்பார்.

ஒரு மாலை, உயர்ந்த புல்லுக்கு மேல் ஒரு பெட்டை மானின் தலையும் முதுகும் மட்டும் தெரிந்தன. இடுப்பு குழிந்து, விலா எலும்புகள் துருத்தியிருந்தன.

"கிழடு" என்றேன்.

"வடிவாப் பாத்தியோ? குட்டி கிட்டி நிக்குதோ?"

அப்பாவின் கூட்டாளி காதருகே சிரித்தார். "உம்மட பெடியன் சாத்திரம் பாத்து முடிக்க, மான் தண்ணி குடிச்சிட்டு வீட்ட போயிடும்."

புல் விலகும்வரை பொறுத்திருக்க வேண்டிய நான், அந்தச் சிரிப்புப் பொறுக்காமல், "பாத்தனான் அப்பா, ஒண்டுமில்லை" என்றேன்.

வெடி தீர்ந்தது, மான் விழுந்தது. கிட்டப் போனபோது புல்லுக்குள் ஏதோ அசைந்தது.

"என்னடா அது?" என்றார் அப்பா.

"குட்டி, அப்பா."

அவர் குனிந்து, மானின் மடியைத் தடவி, ஈரமான விரல்களை வேட்டியில் துடைத்தார். பாலூட்டும் தாயும் கோடையில் கிழடுபோல் மெலியும் என்பது அன்று எனக்குத் தெரியாது. அந்த அறியாமையை மன்னிக்கலாம். பார்க்காததைப் பார்த்தேன் என்றது பொய். அப்பா ஏசவில்லை. அடுத்த தடவை வேட்டைக்குப் போகும்போது என்னை எழுப்பாமலே போனார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எந்த மானின் வயதையும் கேட்டதில்லை.

போன சனிக்கிழமை மருமகன் ஒரு பெண் மானைக் காட்டினார். "ஒல்லியா இருக்கு, கிழடுதானே மாமா? நாளைக்குப் போய் அடிச்சிரலாம்."

"நாலு வயசு. அதுக்கு மேல ஒரு நாளும் இராது" என்றேன். "அந்தப் புல்லுக்குப் பின்னால என்ன நிண்டது எண்டு பாத்தீரோ தம்பி?"

குளத்தங்கரையில் என்னோடு இருந்தவர்களில் இன்று ஒருவரும் இல்லை. துவக்கு யுத்தத்தோடு போயிற்று. மருமகன் படத்தை மறுபடி உற்றுப் பார்த்துவிட்டு, "இல்ல மாமா, பாக்கல" என்றார்.

அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது.