கொள்ளிடத்துக்குப் போன குழாய்

பொன்மலை ரயில்வே பட்டறையில் பம்பு, மோட்டார் என்றே முப்பது வருஷத்தை ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. ஸ்ரீரங்கம் தீவின் வடகரையில், கொள்ளிடத்தை ஒட்டிப் புதிதாக ஒரு ரிசார்ட் திறந்திருந்தார்கள். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பிளான்டைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். அந்த வேலையில் சேர்ந்து, காட்டூரில் இருக்கும் என் வீட்டிலிருந்து தினமும் பைக்கில் போய்வந்தேன்.

அங்கே 'பசுமை' என்று எழுதாத சுவர் கிடையாது. தண்ணீர் கண்ணாடி பாட்டிலில்தான் வரும். குளியலறையில் ஒரு அட்டை தொங்கும்: 'துண்டை இன்னொரு நாள் பயன்படுத்துங்கள், ஆற்றைக் காப்பாற்றுங்கள்.' வந்தவர்கள் ஆளுக்கொரு மரக்கன்று நட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஆரம்பத்தில் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நாலைந்து மாதத்தில் பிளான்டுக்குக் காற்று ஊதும் மெஷின் நின்றுபோனது. காற்று இல்லையென்றால் சாக்கடை சாக்கடையாகவேதான் இருக்கும். கழற்றிப் பார்த்தேன், உள்ளே எல்லாம் தேய்ந்திருந்தது. புதுசு வேண்டும் என்று மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் புதுசு வாங்கவில்லை. பின்சுவருக்கு அடியில் ஒரு குழாய் பதிக்கச் சொன்னார். எல்லா அறைகளின் கழிவும் அதன் வழியே நேராக ஆற்றில் விழுந்தது.

"சார், அது ஆறு சார்."

"வெறும் மணல்தானே கிடக்கு? அந்தப் பக்கம் யாருங்க வர்றா?"

பசுமைச் சான்றிதழ் தருகிறவர் வரும் நாளன்று, பிளான்டின் கடைசித் தொட்டியில் போர்வெல் தண்ணீரை நிரப்பி வைக்கச் சொன்னார் மேனேஜர். நிரப்பினேன். என் கையால்தான் வால்வைத் திறந்தேன். வந்தவர் ஒரு டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்து, "அருமை" என்றார். சான்றிதழ் வரவேற்பறைச் சுவரில் ஏறியது.

கரையில் மாடு மேய்க்கும் ஒரு பெண் ஒருநாள் பின்கேட்டுக்கு வந்தார். புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினார். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை புண்.

"அண்ணே, இந்தத் தண்ணி எங்கேருந்துண்ணே வருது? மாடு இறங்கவே மாட்டேங்குது. புல்லறுக்க நாந்தான் இறங்க வேண்டியிருக்கு."

"தெரியலம்மா" என்றேன். அவர் திரும்பிப் போனார். மேனேஜர் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம்தான் பெரிது.

அடுத்த வருஷமும் அதே சான்றிதழ்காரர் வந்தார், அதே டம்ளர்.

"தண்ணி நல்லா இருக்கே!"

"இருக்கும் சார். காலையில நான்தான் போர்லேருந்து நிரப்பினேன். உண்மையான தண்ணியைப் பாக்கணும்னா சுவருக்குப் பின்னால வாங்க."

மேனேஜர் சிரித்தார். "வயசானவர் சார், ஏதோ உளர்றார்."

"யாருங்க உளர்றது? ஒரு மனுஷியோட கால் அழுகுது. துண்டைத் துவைக்காம விட்டா ஆறு பொழச்சிடுமா?" என்று கத்தினேன். தோட்டத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சான்றிதழ்காரர் வாட்சைப் பார்த்தார். "எனக்கு ட்ரெயினுக்கு நேரமாச்சு" என்று காரில் ஏறிவிட்டார். இருபதடி தூரம் நடந்திருந்தால் மூக்கே அவருக்குச் சொல்லியிருக்கும். மதியமே என்னை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

அந்தப் பெண்ணைத் தேடிப்போய் முதலில் மன்னிப்புக் கேட்டேன். "அப்பவே சொல்லியிருக்கலாமேண்ணே" என்றார். திங்கட்கிழமை இருவரும் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோம். பிறகு இன்னும் இரண்டு திங்கட்கிழமை போனோம். கடைசியில் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஆட்கள் வந்து தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போனார்கள். ஒரு மாதத்துக்குள் குழாயை சிமென்ட் வைத்து அடைத்தார்கள். புது மெஷினும் வந்ததாகக் கேள்வி.

அந்தப் பெண்ணின் கால் ஆறிவிட்டது, தழும்பு மட்டும் இருக்கிறது. சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் போன வாரம் அந்த மேனேஜர் ஒரு பள்ளிக்கூட மேடையில் ஆற்றைக் காப்பது பற்றிப் பேசினார் என்று கேள்விப்பட்டபோது, கையிலிருந்த காபியைக் குடிக்க முடியாமல் அப்படியே கீழே வைத்தேன்.