பென்சிலில் எழுதிய உறவுகள்

என் மகளின் சட்டப் புத்தகங்களில் இருந்த பென்சில் எழுத்தையெல்லாம் அழித்தவன் நான். மர்பி டவுனில் எங்களுக்கு ஒற்றை அறை வீடு. தரையில் செய்தித்தாளை விரித்து, அவள் பக்கத்தைக் காட்டக் காட்ட ரப்பரால் தேய்த்தேன்.

வக்கீலுக்குப் படித்தவர்கள் இன்னொரு பரீட்சையிலும் தேறினால்தான் கோர்ட்டில் தொடர்ந்து நிற்க முடியும். அதைப் புத்தகம் பார்த்தே எழுதலாம். ஆனால் புத்தகத்தில் கையெழுத்தாக ஒரு வரிகூட இருக்கக் கூடாது. முதல் தடவை, பென்சில்தானே, விட்டுவிடுவார்கள் என்று நினைத்துக் கொண்டுபோனாள். வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெறுங்கையோடு எழுதித் தோற்றாள். தற்காலிகமாகக் கொடுத்திருந்த அனுமதியும் முடியப்போகிறது. இந்தத் தடவையும் தவறினால் கறுப்பு கோட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

நான் அழித்துக்கொண்டிருந்தபோது தங்கவயலிலிருந்து என் மனைவியின் அண்ணன் வந்திருந்தார். டீயை ஊதிக்கொண்டே சிரித்தார்.

"புக்கைத் தொறந்து வெச்சிக்கினு எழுதியும் ஃபெயிலா? நான் போயிருந்தாக்கூட பாஸாயிருப்பேன் மச்சான்."

"உனுக்கு எழுத்துக்கூட்டவே அரை நாள் ஆவும்ணா" என்றாள் என் மனைவி.

நான் அடுத்த பக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

நான் ஐந்தாவதுவரை தமிழில் படித்தவன். அச்சிலிருந்த இங்கிலீஷ் எனக்கு எட்டாது. ஆனால் ஓரங்களில் அவள் எழுதியிருந்தது தமிழ். எங்கு பார்த்தாலும் உறவு முறைகள்தான். சின்ன அத்தை, பெரியப்பா, மாமா.

"இன்னாம்மா இது, சட்டமா ரேஷன் கார்டா?" என்றேன்.

"நம்பரு மனசுல நிக்கலப்பா. ஆளு நிக்குது. சின்ன அத்தைன்னா ஜீவனாம்சம். பெரியப்பான்னா பாகப்பிரிவினை."

"நான் இன்னாத்துக்கு?" என்றார் மச்சான்.

"செக் ரிட்டர்ன் ஆனா ஜெயிலுன்னு போட்டிருக்கு மாமா."

அதன்பிறகு அவர் டீயை ஊதவில்லை.

இன்னொரு பக்கத்தில் 'அப்பா' என்று இருந்தது. அவளே மெதுவாகச் சொன்னாள், "லேட்டா வந்தா கேஸை எடுக்கமாட்டாங்கன்னு சொல்ற எடம்பா." அச்சகத்து மெஷினில் என் இரண்டு விரல்கள் போனபோது, நாளைக்கு வா, நாளைக்கு வா என்று முதலாளி அலையவைத்தே கேஸ் போடும் காலத்தைக் கடத்திவிட்டார். அந்த இடத்தையும் தேய்த்தேன்.

அதற்குப் பிறகுதான் பயிற்சி. வைட்ஃபீல்டில் செக்யூரிட்டி வேலை முடிந்து வந்து உட்காருவேன். நான் உறவைச் சொல்ல வேண்டும், அவள் பக்கத்தைப் புரட்ட வேண்டும்.

"சின்ன அத்தை."

"இரு... இரு... இதோ."

"லேட்டு."

"பேஜ் ஒட்டிக்கிச்சுப்பா."

தேய்த்ததில் தாள்கள் மெலிந்து ஒன்றோடொன்று ஒட்டின. என்னை மட்டும் நான் கூப்பிட்டதே இல்லை. அவளும் கேட்கவில்லை.

பரீட்சை நாளில் வாசல்வரை போனேன். சோதித்தவர் ஒவ்வொரு புத்தகத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். அவள் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். பாதித் தூரம் தாண்டிவிட்டோம் என்று நினைத்தேன்.

வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "ஆளு ஞாபகம் வருதுப்பா, எந்தப் பக்கம்னு வரல. எழுத்து இல்லாம எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கு. தேடித் தேடியே டைம் போயிடுச்சு."

முடிவு போனில் வந்தது. கொஞ்ச மார்க்கில் தவறியிருந்தாள். அவள் அழவில்லை. என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

அவளுடைய சீனியர் வக்கீல், ஆபீசுக்கு வா, டைப்பிங் பார்த்துக்கொள் என்று சொல்லியிருந்தார். திங்கட்கிழமை காலை மஞ்சள் சுடிதாரில் கிளம்பினாள். இருவரும் ஒன்றாகப் படியிறங்கினோம். குழாயடியில் இருந்த எதிர்வீட்டு அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாம்மா, கலர் டிரெஸ்ஸு? கோர்ட்டு லீவா?"

"ஆமாக்கா" என்றாள் என் மகள்.

நான் ஷூ லேஸைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன்.