கொட்டாஞ்சேனைக்குக் கழுத்துக் கொலர் இல்லாமல் போன சனிக்கிழமை

கழுத்து நோவுக்காகக் கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைப் பிசியோதெரபி மிஸ்ஸிடம் போக யோசிப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். நாங்கள் போனது யுத்த காலத்தில், ஒரு சனிக்கிழமை. தங்கை வசந்திக்கு ஃபைப்ரோமயல்ஜியா. உடம்பெல்லாம் நோகும், கழுத்துத்தான் மோசம். ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. அதனாலேயே அவள் நடிக்கிறாள் என்று இரண்டு வருடமாக நினைத்தவன் நான். வெட்கக்கேடு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காலை எட்டரைக்கு ஓட்டோ. பேரம் பேசி 350 ரூபாய், தூரம் பத்துக் கிலோமீற்றருக்குக் கிட்ட. ஏறுமுன் அவள் கழுத்தைத் தாங்குகிற கொலரைக் கழற்றச் சொன்னேன். வன்னிச் சண்டையில் காயப்பட்டு வந்த இயக்கப் பிள்ளை என்று பொலிஸ் பிடித்து வைத்தால்? எங்கள் லேனில் யாருமே கட்டோ பிளாஸ்டரோ வெளியில் காட்டமாட்டோம்.

"குலுக்கினா உயிர் போகும் அண்ணா."

"அரை மணித்தியாலம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு. செத்துப் போகமாட்டாய்!"

ஓட்டோக்காரர் அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "மெதுவா ஓட்டுறன் தங்கச்சி" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

கோட்டைக்குக் கிட்டச் சோதனைச் சாவடி. பொலிஸ்காரர் அவளுடைய கைப்பையிலிருந்து கொலரை எடுத்து யாருடையது என்று கேட்டார். அம்மாவுடையது என்று சிங்களத்தில் அடித்துவிட்டேன். "மெயாட்ட லெடக் நே, மாத்தயா." இவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஐயா என்றேன். வசந்தி கையால் கழுத்தைத் தாங்கிக்கொண்டு நின்றாள்.

ஒன்பதே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பிசியோதெரபி மிஸ்ஸுக்கு ஐம்பது வயதிருக்கும். நாற்பது நிமிடம், 600 ரூபாய். சொடக்கு எடுக்கவில்லை, முறுக்கவில்லை. பிடரிக்குக் கீழே விரல்களை வைத்துக்கொண்டு சதை தானாக இளகும்வரை பொறுத்திருந்தார்.

"நீங்கள் வீட்டில எப்பிடித் தடவுறனீங்கள்? என்ர கையில காட்டுங்கோ."

நான் தைலம் பூசி அமத்துகிற மாதிரியே பெருவிரலால் அமத்தினேன். மிஸ் கையை இழுத்துக்கொண்டார். "ஐயோ! எனக்கே இப்பிடி நோகுது. இவவுக்குப் பத்து மடங்கு நோகும் தம்பி."

நான் அமத்தும்போதெல்லாம் வசந்தி கத்துவாள். "நாடகம் போடாதை" என்பேன். அன்று அந்த அறையில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழும்பியபோது அவளால் கழுத்தை இடப்பக்கம் கொஞ்சம் திருப்ப முடிந்தது. கொலரை நானே எடுத்து மாட்டிவிட்டேன்.

திரும்பும்போது அதே சாவடி, அதே பொலிஸ்காரர். "இது அம்மாவுடையது என்றாயே?" நான் அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் துவக்கைத் தோளிலிருந்து இறக்கினார். சிங்களம் அரைகுறையாகத் தெரிந்த வசந்திதான் வாய் திறந்தாள்.

"மட்ட அசனீப்பய். அய்யா விஸ்வாச கரன்னே நே."

தனக்குச் சுகமில்லை, அண்ணன் நம்புவதில்லை என்றாள். அவர் அவளைப் பார்த்தார், பிறகு என்னை. "லஜ்ஜ நெத்த?" வெட்கமில்லையா என்று கேட்டு, கையை அசைத்து அனுப்பிவிட்டார்.

போகிறவர்களுக்கு: பொலிஸ் மறித்தால் காட்ட டொக்டரின் கடிதத்தைச் சிங்களத்திலும் வாங்கி வையுங்கள். முதல் நாள் மெதுவாகத் தடவினால் போதும், மறுநாள் நோகலாம். முழுக்கச் சுகமாகாது, ஆனால் வசந்தி அன்றிரவு நித்திரை கொண்டாள். குலுங்குகிற பயணத்தில் கொலரைக் கழற்றாதீர்கள்.

அந்தப் பொலிஸ்காரர் வெட்கமில்லையா என்று கேட்டதற்கு இப்போது சொல்கிறேன். இருக்கிறது, மாத்தயா.