அண்ணன் அனுப்பிய ஹெதர்

அம்மாவுக்கு விமான டிக்கெட் வருமென்று காத்திருந்தோம். கூரியரில் வந்தது ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே ஒரு தொட்டிச் செடி, அதில் 'ஹெதர்' என்று ஒரு சீட்டு.

அண்ணன் ஸ்காட்லாந்தில் இருக்கிறான். முதல் பிள்ளை பிறந்தபோது அம்மாவை ஆறு மாதம் கூட்டிப்போய் வைத்திருந்தான். குழந்தையைக் குளிப்பாட்டி, சமைத்துப்போட்டு, ஓய்ந்த நேரத்தில் வீட்டுக்குப் பின்னாலிருந்த குன்றைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் அம்மா. அது முழுக்க ஹெதராம். முழங்காலுக்குக் கீழேயே படர்ந்து, பனியிலும் இலை உதிராத செடியாம். பூத்தால் குன்றே ஊதாவாகிவிடுமாம். திரும்பி வந்ததும் தெருவில் ஒருவர் விடாமல், போனில் எடுத்துவந்த அந்தக் குன்றின் படத்தைக் காட்டினாள். இரண்டாவது பிள்ளைக்கும் கூப்பிடுவான் என்று ஸ்வெட்டரை வெயிலில் போட்டு எடுத்து வைத்தாள். இந்த முறை அண்ணியின் அம்மா போனார். எங்கள் அம்மாவுக்கு ஆன்லைன் கடையில் சொல்லி ஒரு செடி.

தாவரவியல் படித்த வாய் சும்மா இருக்குமா? லென்ஸோடு உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா, இது ஹெதரே இல்ல. ஹெதர் இலை செதில் மாதிரி பொடிப்பொடியா, சடை பின்னுன மாதிரி தண்டோட ஒட்டியிருக்கும். இது பாரு, தட்டை இலை, பூவுக்கு ஆறு இதழ். இது கூஃபியா. பார்க்குல நடைபாதை ஓரமா வைப்பாங்கல்லா, அது. கடைக்காரன் பேரை ஒட்டி விக்கான்."

"ஏளா, மெதுவாப் பேசு. அவன் பாக்காமலா அனுப்பியிருப்பான்?"

"பாக்காமத்தான் அனுப்பியிருக்கான்."

அம்மா தொட்டியைத் தூக்கிப்போய் வாசலில், வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் வைத்தாள்.

எனக்கு வீம்பு ஏறிவிட்டது. குன்னூர்ப் பக்கம் வேலை பார்க்கும் கல்லூரித் தோழி மூலம் அசல் ஹெதர் ஒன்றை வரவழைத்தேன். அம்மா கண்ணாடிகூடப் போடவில்லை. விரலால் ஒரு தடவு தடவினாள். "இதுதான். தொட்டா காஞ்சுபோன மாதிரி இருக்கும், ஆனா உசுரோட இருக்கும்." முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு வாசல் தொட்டியைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சிப்பித்தூள் கலந்த எங்கள் மண் ஹெதருக்கு ஆகாது. தேங்காய் நார்த்தூளை உப்புப் போக அலசி அலசி நிரப்பி, பின்வாசல் நிழலில் வைத்தேன். தண்ணீர்தான் பெரும்பாடு. எங்கள் போர் தண்ணீர் வாளியிலேயே வெள்ளையாகப் படியும் உப்பு. குடிக்கிற நல்ல தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது தூத்துக்குடியில் யாரும் செய்யாத காரியம். நான் ஒரு கேனை அதற்கென்றே ஒதுக்கினேன்.

பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "செடிக்குக் கேன் தண்ணியா? அப்படியே ஒரு காப்பியும் போட்டுக் குடு!"

புதுத் துளிர் விட்டது. துள்ளினேன். கொஞ்ச நாளில் நுனி கருகத் தொடங்கியது. வெயிலைக் குறை சொன்னேன், துறைமுகத்து நிலக்கரித் தூசியைக் குறை சொன்னேன், நார்த்தூளை மாற்றினேன். ஒருநாள் தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு தெரிந்தது. கிள்ளி நாக்கில் வைத்தால் உப்பு.

மறுநாள் காலையில் சீக்கிரமே விழித்துவிட்டேன். அம்மா என் கேனைத் தூக்கிப்போய் வாசல் தொட்டிக்கு ஊற்றினாள். பிறகு போர் தண்ணீரை வாளியில் பிடித்துப் பின்வாசலுக்கு வந்தாள்.

"என்னம்மா செய்யுத?"

அவள் பதறவில்லை. வாளியைக் கவிழ்த்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "ஒன் செடி பொழச்சிட்டுன்னா, வாரவ எல்லாம் ரெண்டையும் பக்கத்துல வச்சிப் பாப்பாளுவ. அவன் அனுப்புனது பொய்யின்னு ஆயிரும்லா?"

"பொய்தானம்மா அது."

"எனக்குத் தெரியாதாளா? ஆறு மாசம் அந்தச் செடி மூஞ்சிலதான முழிச்சேன்."

கேனை வாசல் தொட்டிப் பக்கமே விட்டுவிட்டேன். அந்த வாரமே ஹெதர் குச்சியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அண்ணன் வீடியோவில் வந்தான். கூஃபியா தொட்டி நிறையப் பூத்திருந்தது. "பாத்தியாம்மா? நம்மூர்லயே ஹெதர் வளருது. இனி இதுக்காக நீ அவ்வளவு தூரம் அலைஞ்சு வரவேண்டாம்லா."

"ஆமா ராசா," என்றாள் அம்மா.

பிறகு, போனைப் பிடித்திருந்த என்னிடம், "கொஞ்சம் கீழ இறக்குளா, பூவு அவனுக்கு நல்லாத் தெரியட்டும்."