ஒற்றைக் குரல்

"ஒத்தக் குரலுக்கு ஓய்னு கேக்காத" என்று எங்கள் சோழவந்தான் பக்கத்தில் ஒரு சொல் உண்டு. உச்சி வெயிலில், ஆளில்லாத இடத்திலிருந்து யாராவது ஒரே ஒரு தரம் கூப்பிட்டால் பதில் பேசக் கூடாது. மனிதர் என்றால் மறுபடியும் கூப்பிடுவார், அதற்கும் பேசாவிட்டால் மூன்றாம் தரம் கூப்பிட்டுவிட்டுத் திட்டவும் செய்வார். மற்றது ஒரு தரம்தான் கூப்பிடும். அதுவும் நமக்குத் தெரிந்த குரலில் கூப்பிடும். ஓய் என்று கேட்டுவிட்டால் அதோடு போக வேண்டியதுதான்.

நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆராதனைக்குப் போகிறவள். வேதப் புத்தகத்தை எழுத்துக்கூட்டித்தான் எனக்கு வாசிப்பே வந்தது. ஆனாலும் அந்தச் சொல்லை நான் நம்பியதே இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஞானஸ்நானத் தண்ணீர் தலையை நனைத்தாலும் உள்ளங்காலில் ஊர் மண் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

எனக்கு வேலை ஒரு வெற்றிலைக் கொடிக்காலில். கொடிக்காலுக்குள் போயிருக்கிறீர்களா? வெளியே கண் கூசுகிற வெயில் அடிக்கும். உள்ளே நுழைந்தால் கிணற்றுக்குள் இறங்கிய மாதிரி இருக்கும். வரிசை வரிசையாக அகத்தி மரங்கள், அதில் தலைக்கு மேலே வரை ஏறிய கொடிகள், கீழே கால் முழுகத் தண்ணீர் நிற்கும் வாய்க்கால்கள். செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். உள்ளே உரக்கப் பேச யாருக்கும் வாய் வராது. நம் கையே பச்சையாகத் தெரியும்.

பெண்கள் நாங்கள் மூவர். வெளியே கொட்டகையில் உட்கார்ந்து, பறித்து வந்த இலையை அடுக்கிக் கட்டுவது எங்கள் பாடு. ஒருத்தி எனக்கு மூத்தவள், மதினி என்று கூப்பிடுவேன். அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது. இன்னொருத்தி இளையவள். அவள் புருஷன்தான் ஏணி வைத்து ஏறி இலை பறிக்கிறவர். அன்றைக்கு அவர் காலையிலேயே முதல் கட்டுகளைப் போட்டுவிட்டு, உரம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போவதாகச் சொல்லி பைக்கை எடுத்துக்கொண்டு போயிருந்தார். உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை என்றுதான் மூன்று பேரும் நினைத்திருந்தோம்.

சோற்றுப் பாத்திரங்களைத் திறந்து வைத்துக்கொண்டு மதினி ஆரம்பித்தாள்.

"ஏத்தா அல்லேலூயா, ஞாயித்துக்கெழம ஒங்க பாஸ்டரு என்னத்தச் சொன்னாரு? எங்களுக்கும் கொஞ்சம் அவுத்துவிடு."

கோயிலில் படுத்திருந்த சின்னப் பிள்ளையை ஆண்டவர் பேர் சொல்லிக் கூப்பிட்ட கதையைச் சொன்னேன். அவன் எழுந்து ஓடிப்போய் வயதான ஆசாரியரிடம், கூப்பிட்டீர்களா என்று கேட்டான். இல்லை, போய்ப் படு என்றார் அவர். இப்படியே மூன்று தரம் ஆன பிறகுதான், கூப்பிடுவது ஆண்டவர் என்று அந்தப் பெரியவருக்கே பிடிபட்டது.

"மூணு தரம் கூப்பிட்டுச்சுல்ல? அப்ப சாமிதான். எங்க கணக்கும் அதே கணக்குத்தானத்தா!" என்று மதினி தொடையில் தட்டிச் சிரித்தாள்.

"ஆனா மதினி, அவன் மொத தரமே எந்திரிச்சு ஓடுனானே."

"ஓடுனான், சரி. எங்கிட்டு ஓடுனான்? கெழவங்கிட்டல்ல ஓடுனான்! நேரா சத்தத்தப் பாத்துப் போயிருந்தா என்னா ஆயிருக்குமோ."

இளையவள் சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினாள். அந்த நேரத்தில்தான் மும்முனை மின்சாரம் வந்தது. மோட்டார் தானாகவே ஓடத் தொடங்கி, கொடிக்காலுக்குள் தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தையும் மீறி ஒரு குரல் கேட்டது.

ஒரே தரம்தான். உள்ளேயிருந்து வந்தது. மதினியின் கையில் எடுத்த உருண்டை வாய்க்குப் போகவில்லை. இளையவளின் சிரிப்பு அப்படியே நின்றது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அடுத்த குரலுக்குக் காத்திருந்தோம். தண்ணீர்தான் பாய்ந்துகொண்டிருந்தது.

"யாரும் வாயத் தொறக்காதீக" என்றாள் மதினி, உதடு அசையாமல்.

இளையவள் புருஷனுக்கு போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. "வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் எழுந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போகாதீக அக்கா. ஒத்தக் குரலு."

எனக்குள்ளும் இரண்டு பக்கமும் இழுத்தது. எதிராளியான பிசாசானவன் யாரை விழுங்கலாம் என்று சுற்றித் திரிகிறான் என்றும் என் வேதத்தில்தானே இருக்கிறது? வசனம் தெரிந்தவளுக்குப் பயம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வசனம் தெரிந்தவளுக்குப் பயத்துக்கும் வசனம் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளை, கூப்பிட்டது யார் என்று தெரிந்தபிறகா எழுந்து ஓடினான்? தெரியாமல்தானே ஓடினான். தப்பான இடத்துக்கு ஓடியதற்காக ஆண்டவர் அவனைக் கோபித்ததாக எங்கும் இல்லை. கையை விடுவித்துக்கொண்டேன்.

"வாரேன்!" என்று உள்ளே பார்த்துச் சத்தம் கொடுத்தேன்.

"ஆத்தி, கெட்டா!" என்று மதினி தலையில் கை வைத்தாள்.

உள்ளே காற்றே இல்லை. இலை மட்டும் அங்கங்கே ஆடியது. நான் காலெடுத்து வைக்கும்போது தண்ணீர் சளக் என்றது. நான் நின்ற பிறகு இன்னொரு சளக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் வரிசைதான் நீண்டு கிடந்தது. வாரேன், வாரேன் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். யாருக்குச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தேன் என்பதும் குழம்பிவிட்டது. ஆனால் கால் நிற்கவில்லை. யாரோ முன்னால் விலக்கிக்கொண்டு போன மாதிரி ஒரே ஒரு வரிசையில் மட்டும் கொடிகள் அசைந்துகொண்டிருந்தன. அதிலேயே போனேன்.

கடைசியில் ஏணி சாய்ந்து கிடந்தது. அதன் அடியில், வாய்க்காலில் ஒருக்களித்து, இளையவளின் புருஷன் கிடந்தார். கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. ஏறிவந்த தண்ணீர் அவர் கீழ் உதட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நான் போட்ட கூச்சலில் இருவரும் ஓடிவந்தார்கள். மதினி மோட்டாரை நிறுத்த ஓடினாள். கடைக்குக் கிளம்பியவர், பின்பக்கத்து வாய்க்கால் கரையில் வண்டியை நிறுத்திவிட்டு, விட்டுப்போன இலையைப் பறிக்க ஏறியிருக்கிறார். போன் வண்டிப் பையிலேயே இருந்திருக்கிறது.

மதுரை ஆஸ்பத்திரியில், பக்கவாதம், பிழைத்துக்கொள்வார் என்றார்கள். காலையிலேயே விழுந்திருக்க வேண்டுமாம். கூப்பிட்டதால்தான் போய்ப் பார்த்தோம் என்று நான் சொன்னதற்கு அங்கிருந்த டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"இவரு கூப்பிட்டிருக்க முடியாதும்மா. நாக்கே அசையல. ஒரு சத்தங்கூட வந்திருக்காது."

வராந்தாவில் மூவரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். மதினி மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு எங்க அக்கா கொரலு மாதிரி இருந்துச்சுடீ. செத்து எம்புட்டு வருசமாச்சு."

இளையவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். "எனக்கு அவரு கொரலுதான் மதினி. எம்பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாரு. தெரிஞ்ச கொரல்லதானே அது கூப்பிடும்னு... அக்காவையும் போகவிடாமப் புடிச்சேனே."

எனக்கு அது யார் குரலாகவும் இல்லை. வேதத்தில், கள்ளர் அடித்துப் போட்டுக் குற்றுயிராய் வழியில் கிடந்தவனைத் தாண்டிப்போன இரண்டு பேரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர்களை இத்தனை நாளும் கல்நெஞ்சுக்காரர்கள் என்றே நினைத்திருந்தேன். பயந்தவர்களாக இருந்திருக்கலாம். அந்தப் பாதையைப் பற்றி அவர்கள் ஊரிலும் ஒரு சொல் இருந்திருக்கலாம். இதை இளையவளிடம் சொன்னேன். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ, என் தோளில் சாய்ந்து அழுதாள்.

எங்கள் பாஸ்டர் தேவதூதன் என்றார். தோட்டத்துக்காரர் வீட்டில், கொடிக்காலைக் காக்கும் சாமி என்று சேவல் அறுத்துப் பொங்கல் வைத்தார்கள். மதினி அதற்கும் போய்ச் சாப்பிட்டுவிட்டு, "யாரு கூப்பிட்டா என்னத்தா, கெடந்தவன் எந்திரிச்சான்ல" என்றாள்.

கிறிஸ்துமஸ் பலகாரம் கொடுக்க இளையவள் வீட்டுக்குப் போனபோது அவள் புருஷனுக்குப் பேச்சு திரும்பத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துப் பேசினார். மனைவிதான் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அன்னைக்கு நீங்க கூப்பிட்டீகளா, இல்லையா?"

"இல்ல" என்றார். "எனக்கும்... கேட்டுச்சு."

"எங்கருந்து?"

"எனக்குப் பின்னாடி. ஒக்காந்திருந்துச்சு. திரும்ப... முடியல."

"சாமியா, வேற எதுவுமா?"

அவர் வாயைத் திறந்தார். கோணிய வாயோரம் எச்சில் வழிந்தது. துடைக்கப் போன அவள் கையை, சரியாக வராத கையாலேயே விலக்கினார்.

"தெரியல. ஆனா அக்கா வர வரைக்கும் போகல."

மரண நிழல் விழுந்த பள்ளத்தாக்கில் நீர் என்னோடு இருக்கிறீர் என்று சின்ன வயதிலிருந்தே ஒப்பித்துவருகிறேன். கூட இருப்பவர் எப்படி இருப்பார் என்று நான் ஒருநாளும் பயத்தோடு நினைத்துப் பார்த்தது கிடையாது. அன்றைக்கு அந்த வீட்டில் அப்படி நினைத்துப் பார்த்தேன்.

அவர் இப்போதும் சுவரில் சாய்வதில்லை. முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டுத்தான் உட்காருகிறார். அவர் மனைவி அந்த இடத்தையும் தினம் கூட்டித் துடைக்கிறாள். சாமான் எதையும் அங்கே வைப்பதில்லை.