சிடியை வெயிலில் பிடித்த டீச்சர்

செஞ்சி கடைத்தெருவில் என் கம்ப்யூட்டர் சென்டருக்கு ஒரு பி.டி. டீச்சர் மாதந்தோறும் ஒரே சிடியோடு வருவார். கழுத்தில் விசில், செருப்பில் மைதானத்து மண். தன் மாணவி உயரம் தாண்டும் புது வீடியோவைப் பழையவற்றோடு சேர்த்து அந்த சிடியில் எழுதச் சொல்வார். விழுந்தால் மனம் உடைந்துவிடுவாளோ என்று மகளை வெளியூர்ப் போட்டிக்கு அனுப்பத் தயங்கும் அவளுடைய அப்பாவுக்குக் காட்டத்தான்.

ஒருநாள் அவசரத்தில் முந்தைய பதிவுகளின் பட்டியலைப் புதியதோடு இணைக்காமல் எழுதிவிட்டேன். திரையில் ஒரே வீடியோதான் தெரிந்தது.

"பழசெல்லாம் அழிஞ்சுபோச்சு போல, டீச்சர்."

அவர் சிடியை வாசல் வெயிலில் சாய்த்துப் பார்த்தார். எழுதிய பகுதி மட்டும் அதில் நிறம் மாறிய வளையமாகத் தெரியும்.

"பதிஞ்ச வளையம் போன தபாவைவிட அகலமா இருக்குது சார். அழிஞ்சிருந்தா எப்படி வளரும்? உள்ளதான் இருக்கும், தேடுங்க."

தேடினேன். அத்தனையும் இருந்தன. எல்லாவற்றையும் இணைத்து மறுபடி எழுதினேன். நிம்மதியில், "அவ கம்பைத் தட்டி விழுந்ததையெல்லாம் எடுத்துடலாமே?" என்றேன்.

"விழுந்துட்டு இன்னா பண்றா பாருங்க. அவ நைனா இதைத்தான் பார்க்கணும்."

ஓடவிட்டேன். கம்போடு மணலில் கிடந்த பெண் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாத வீடியோவில் மைதானம் புதிதாக இருந்தது.

"எந்த ஊரு டீச்சர்?"

"சேலம். அவ நைனாவே பஸ் ஏத்திவிட்டாரு."

அங்கேயும் விழுந்திருந்தாள். அதையும் சேர்த்து எழுதச் சொல்லி டீச்சர் பெருமையாக உட்கார்ந்திருந்தார்.